பிராங்ஸில் கானாச் சங்கத்தில் சேர: ஒரு கணக்கனின் வழிகாட்டி

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எங்கள் அலுவலகத்தில் உட்கார இடம் கிடைக்காது. நியூயார்க் நகரத்தின் பிராங்ஸில், கிராண்ட் கான்கோர்ஸ் சாலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன வருமான வரிக் கடை. முன்னால் நாலு நாற்காலி, உள்ளே இரண்டு மேசை, அதில் ஒன்று என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டுக்காரர்கள். முதியோர் இல்லத்தில் உதவியாளர், டாக்சி ஓட்டுநர், மருத்துவமனைச் சமையலறை என்று ஆளுக்கொரு வேலை. சம்பளத் தாளோடு சின்னச் சின்ன ரசீதுகளையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி மேசையில் வைப்பார்கள். சங்கச் சந்தா, சாவுக்குக் கொடுத்தது, கட்டட நிதி. "இதையெல்லாம் வரியில் கழிக்க முடியுமா?" பெரும்பாலும் முடியாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அந்த ரசீதுகளைப் புரட்டிப் புரட்டியே இந்தச் சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்பது எனக்குப் பழகிவிட்டது. இப்போது இரண்டு சங்கங்களுக்கு ஆண்டுக் கணக்கும் எழுதித் தருகிறேன்.

தமிழில் எதற்கு இது என்று கேட்கலாம். கானாக்காரர்களோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிற நம்மவர்கள் இங்கே இருக்கிறார்கள். கானாக்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு தமிழ்ப் பெண்ணையும் எனக்குத் தெரியும். "அவர் சங்கத்தில் என்னையும் சேரச் சொல்கிறார், சேரலாமாண்ணா?" என்று அவர் ஒரு நாள் கேட்டார். அன்று வாயால் சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன். நியூயார்க்கை வைத்துச் சொல்கிறேன். வூஸ்டர், கொலம்பஸ், டொரன்டோ, ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர் என்று கானாக்காரர்கள் கூட்டமாக வாழும் மற்ற ஊர்களில் விதிகள் கொஞ்சம் மாறலாம், போக்கு இதுதான்.

எந்தச் சங்கம்?

நமக்கு ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் கமிட்டி என்று தனித்தனியாக இருப்பது போலத்தான் அங்கேயும். எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு கானாச் சங்கம் இருக்கும் என்று தேடிப் போனால் குழம்பிவிடுவீர்கள்.

முதல் வகை, இனம் அல்லது சொந்த ஊர் சார்ந்தது. அசாந்திகளுக்கு அசாந்தேமான் சங்கம். குவாஹு, அச்செம், ஃபாந்தே, கா-அதாங்பே, ஏவே மக்களுக்குத் தனித்தனிச் சங்கங்கள். அசாந்திச் சங்கத்தில் தலைவர், செயலாளர் மட்டுமல்ல, அரசரும் ராணித்தாயும் உண்டு. அசாந்திகளின் தலைநகரான குமாசியில் அரச குடும்பத்தில் பிறந்தால்தான் அரியணை. இங்கே அரசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வார நாளில் கோட்டு போட்டு வேலைக்குப் போகிறவர், சனிக்கிழமை ராத்திரி கென்டே என்ற பல நிறக் கைத்தறித் துணி போர்த்திக் குடை நிழலில் வந்து உட்காருவார். கானாவின் வடபகுதியிலிருந்தும் சோங்கோ எனப்படும் முஸ்லிம் குடியிருப்புகளிலிருந்தும் வந்தவர்களுக்கு யான்காசா சங்கம் இருக்கிறது, தொழுகையும் அதோடு சேர்ந்தது.

இரண்டாவது வகை பள்ளிக்கூடம். அச்சிமோட்டா, பிரெம்பே, அடிசாடெல், வெஸ்லி கேர்ள்ஸ் என்று படித்த பள்ளியின் பெயரைச் சொன்னாலே அவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். மூன்றாவது, தேவாலயம். பெந்தெகொஸ்தே, பிரெஸ்பிடேரியன், மெதடிஸ்ட் சபைகளுக்குள்ளேயே நலநிதி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே குடை மாதிரி கானா சங்கங்களின் தேசியக் கவுன்சில். அதில் சங்கங்கள்தான் உறுப்பினர், தனி ஆள் நேராகப் போய்ச் சேர வேண்டியதில்லை.

எத்தனை சங்கத்தில் சேரலாம்? என்னிடம் வருகிற ஒருவர் ஐந்தில் இருக்கிறார். மாதம் சராசரியாக 15 டாலர் சந்தா என்றால் ஐந்துக்கும் சேர்த்து வருடத்துக்கு 900 டாலர். அப்புறம் ஒவ்வொரு சாவுக்கும் தலைக்கட்டு வரி. அதற்கும் மேலே ஐந்து சங்கத்துக் கூட்டங்கள், ஐந்து சங்கத்துச் சாவுகள். மனுஷன் ஞாயிற்றுக்கிழமை தூங்கியே பல வருடம் ஆகியிருக்கும். என் கணக்கில் ஊர் அல்லது இனச் சங்கம் ஒன்று போதும். தேவாலயத்துக்குப் போகிறவர் அங்குள்ள நலநிதியில் இருந்தால் நல்லது. பள்ளிச் சங்கம் சந்தோஷத்துக்கு, அதை இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கணவன் அல்லது மனைவி வேறு இனம், வேறு நாடு என்றால்? பல சங்கங்கள் துணையைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் 'குடும்ப உறுப்பினர்' என்பதும் 'தனி உறுப்பினர்' என்பதும் ஒன்றல்ல. குடும்பச் சீட்டில் இருப்பவருக்குச் சில இடங்களில் ஓட்டு கிடையாது, அவருடைய அப்பா அம்மா இறந்தால் உதவித்தொகையும் கிடையாது. அந்தத் தமிழ்ப் பெண்ணிடம் நான் முதலில் கேட்கச் சொன்னது இதைத்தான்: "மதுரையில் இருக்கிற என் அம்மா உங்கள் கணக்கில் வருவாரா, மாட்டாரா?"

சேருவதற்கு முன் ஒரு கூட்டம்

கூட்டம் எங்கே, எப்போது என்று தெரியவில்லை என்றால் கானா மளிகைக் கடைக்குப் போங்கள். காரி என்ற மரவள்ளி ரவை, கென்கே என்ற புளித்த சோளமாவு உருண்டை, செம்பனை எண்ணெய் விற்கிற கடைகளின் கதவிலும் சுவரிலும் இறப்பு அறிவிப்புகள் ஒட்டியிருக்கும். பெரிய படம், இறந்தவர் பெயர், மண்டபம், சனிக்கிழமை, கீழே எந்தெந்தச் சங்கம் என்ற பட்டியல். உங்கள் ஊர்ச் சங்கம் அந்தப் பட்டியலில் அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். அங்கே கண்ணில் படுகிற சங்கம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஆள் தெரியாவிட்டால் கல்லாவில் இருப்பவரைக் கேளுங்கள். ட்ரேசி டவர்ஸ் மாதிரி கானாக்காரர்கள் நிறைந்த குடியிருப்பில் இருந்தால் லிஃப்டில் கேட்டாலே போதும்.

கூட்டம் பெரும்பாலும் மாதம் ஒரு முறை, ஞாயிறு மாலை, தேவாலயத்துக் கீழ்த்தளத்திலோ வாடகை மண்டபத்திலோ நடக்கும். நாலு மணி என்று போட்டிருந்தால் ஐந்தேகாலுக்குத் தொடங்கும். அதற்காக நீங்களும் ஐந்தேகாலுக்குப் போகாதீர்கள். தாமதத்துக்கு அபராதம் உண்டு, புது முகத்திடம்தான் அதைக் கண்டிப்பாக வாங்குவார்கள்.

உள்ளே போனதும் கிடைத்த நாற்காலியில் உட்காரக் கூடாது. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலப்பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக வணக்கம் சொல்லிக்கொண்டு போக வேண்டும். மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை என்றால் ட்வி மொழியில் "மாஹா". கை கொடுப்பது, பணம் நீட்டுவது எல்லாம் வலக்கையால்தான். இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் எழுந்து பெயர், ஊர், யார் வழியாக வந்தீர்கள் என்று சொல்லச் சொல்வார்கள். பிறந்த கிழமையையும் கேட்கலாம். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை குவாமே, ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண் அகோசுவா. கோஃபி அன்னன் வெள்ளிக்கிழமை பிறந்தவர் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். வேற்று நாட்டு மருமகள், மருமகன் வந்தால் அன்றே ஒரு கிழமைப் பெயர் வைத்துவிடுவார்கள். பிறந்த கிழமையைப் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள்.

அசாந்தி, குவாஹு, அச்செம் மாதிரியான மக்களைச் சேர்த்து அகான் என்பார்கள், அவர்கள் சங்கங்களில் பேச்சு ட்வியில்தான் ஓடும். புரியாவிட்டாலும் கணக்கு வாசிக்கிற நேரத்தில் விழித்திருங்கள். போன மாதக் கையிருப்பு, இந்த மாத வரவு, செலவு, வங்கியில் எவ்வளவு என்று பொருளாளர் எண்ணாகச் சொல்கிறாரா, யாராவது எழுந்து கேள்வி கேட்கிறார்களா? கேள்வி கேட்டவரை மற்றவர்கள் அதட்டி உட்கார வைத்தால் அந்தச் சங்கம் வேண்டாம். கத்திச் சண்டை போட்டால் பரவாயில்லை, கணக்கு நன்றாக இருக்கும்.

விதிப் புத்தகம்

சேருவதாக இருந்தால் சங்கத்தின் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் கூட்டத்திலேயே கேளுங்கள். அதில் நான் தேடுவது சிலவற்றைத்தான்.

காத்திருப்புக் காலம். இன்று சேர்ந்து நாளை உதவி கேட்க முடியாது. ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம் கழித்துத்தான் பலன் தொடங்கும். இதனால்தான் தேவை வருவதற்கு முன்பே சேரச் சொல்கிறேன். ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்த பிறகு ஓடிவந்து சேருகிறவர்களை எல்லாச் சங்கமும் பார்த்திருக்கிறது, அதற்காகவே போட்ட விதி அது.

பாக்கி. எத்தனை மாதச் சந்தா நிலுவையில் இருந்தால் பலன் நின்றுபோகும்? மூன்று மாதமா, ஆறா? மொத்தமாகக் கட்டினால் உடனே பலன் திரும்புமா, இல்லை காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்தா?

அடுத்தது யார் யாருடைய இறப்புக்கு உதவி என்பது. இதில்தான் கண்ணீர் அதிகம். அகான் மக்கள் தாய்வழியினர். குழந்தை அம்மாவின் அபுசுவாவை, அதாவது தாய்வழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான், நமக்குப் பெரியம்மா, சின்னம்மா மாதிரி. தாய்மாமனுக்கு அங்கே 'வோஃபா' என்று பெயர், அவருக்குள்ள இடம் நம் ஊரைவிடவும் பெரிது. மரபுப்படி அவர் சொத்து அக்கா தங்கையின் மகனுக்குப் போகும். ஆனால் சங்க விதி 'பெற்ற அப்பா, பெற்ற அம்மா, துணை, பிள்ளை' என்று நாலோடு நிறுத்திவிடும். இல்லையென்றால் ஒரே ஆளுக்கு ஐந்து அம்மா வந்துவிடுவார்கள், நிதி தாங்காது.

எனக்குத் தெரிந்த ஒரு டாக்சி ஓட்டுநரைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். வளர்த்ததெல்லாம் சின்னம்மா. அந்தச் சின்னம்மா இறந்தபோது சங்கம் பணம் தர மறுத்துவிட்டது. பதினோரு வருடச் சந்தா ரசீதை என் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, "நான் அம்மா என்று கூப்பிட்டது வேறு யாரை?" என்று கேட்டார். விதியில் சின்னம்மாவுக்கு இடமில்லை. படிவம் நிரப்பிய அன்றே தன் கதையைச் சொல்லி, வளர்த்தவர் பெயரைச் செயற்குழு ஒப்புதலோடு எழுதி வைத்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும். அதே சங்கத்தில் இன்னொருவர் அப்படிச் செய்து வாங்கியிருக்கிறார். உங்களை வளர்த்தவர் வேறு ஒருவர் என்றால் சேரும் நாளிலேயே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கடைசியாக, பதிவு. சங்கம் வரிவிலக்கு பெற்றதா என்பதை மத்திய வருமான வரித் துறையின் இணையத் தேடலில் பெயர் போட்டுப் பார்க்கலாம். ஆண்டு வரவு சாதாரணமாக 50,000 டாலருக்குள் இருக்கிற சிறிய சங்கங்கள் ஒரு பக்க மின்படிவம் கொடுத்தால் போதும். அதைக்கூட மூன்று வருடம் தொடர்ந்து கொடுக்காமல் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். தலைவர் மாறும்போது பழைய தலைவரின் வீட்டு முகவரிக்குக் கடிதம் போய்க்கொண்டிருக்கும், யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ரத்தாகியிருந்தால் சங்கம் மோசடி என்று முடிவு கட்டாதீர்கள், ஆனால் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து உண்டா என்பதையும் அதோடு கேட்டுவிடலாம்.

படிவமும் பயனாளி பெயரும்

படிவம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. பெயர், முகவரி, கானாவில் சொந்த ஊர், அவசரத்துக்கு இங்கே ஒருவர், அங்கே ஒருவர், இரண்டு படம், நுழைவுக் கட்டணம். நான் பார்த்த படிவங்களில் விசா பற்றிய கேள்வி இல்லை. யாராவது கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். சமூகப் பாதுகாப்பு எண்ணை எழுதிக் கொடுக்காதீர்கள், ஒரு சங்கத்துக்கு அது தேவையே இல்லை.

நின்று நிதானமாக நிரப்ப வேண்டியது ஒரே ஒரு கட்டம்: நீங்கள் இறந்தால் பணம் யாருக்கு? காலியாக விட்டால் நாளைக்கு ஒரு பக்கம் மனைவி மக்கள், இன்னொரு பக்கம் தாய்வழிக் குடும்பம் என்று சங்கத்தின் வாசலில் நிற்பார்கள். கானாவிலேயே இந்தச் சண்டை தீராமல்தான், உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு தருகிற சட்டத்தை 1985இல் கொண்டுவந்தார்கள். இங்கே அந்த ஒரு கட்டத்தை நிரப்பினாலே முக்கால்வாசிச் சண்டை தீர்ந்தது. கல்யாணம், விவாகரத்து, குழந்தை என்று எது வந்தாலும் மாற்றி எழுதி, தேதி போட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன கிடைக்கும்?

உள்ளதைச் சொன்னால், சாவுக்குத்தான் அதிகம் கிடைக்கும். "அபுசுவா தோ ஃபுனு" என்று அகான் மக்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்வார்கள். குடும்பத்துக்குப் பிணத்தின் மேல்தான் பாசம் என்று பொருள். உறுப்பினர் இறந்தால் ஒரு பெரிய தொகை, துணையோ பிள்ளையோ பெற்றோரோ இறந்தால் அதைவிடக் குறைவாக. சங்க நிதியிலிருந்து கொஞ்சம், ஒவ்வொரு உறுப்பினரிடமும் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தது மீதி. உடலைக் கானாவுக்கு அனுப்ப ஆயிரக்கணக்கில் செலவாகும். இறப்புச் சான்றிதழ், பதப்படுத்திய சான்று, மன்ஹாட்டன் 47ஆம் தெருவில் உள்ள கானா துணைத் தூதரகத்தின் தாள்கள் என்று அலைச்சலும் உண்டு. இதைப் பத்து முறை செய்த ஒருவர் சங்கத்தில் கட்டாயம் இருப்பார். அவருடைய போன் எண் உங்களிடம் இருப்பதே ஒரு பலன்.

குழந்தை பிறந்தால் பரிசுத்தொகை. பெயர் சூட்டுவது எட்டாம் நாள் மரபு. பெரியவர் ஒருவர் குழந்தையின் நாக்கில் தண்ணீரையும் மதுவையும் துளித் துளியாகத் தொட்டு வைத்து, "தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல், மது என்றால் மது என்று சொல்" என்பார். பொய் பேசாதே என்பதுதான் அது. பிராங்ஸில் மண்டபமும் விடுமுறையும் ஒத்துவர வேண்டும் என்பதால் எட்டாம் நாள் சில சமயம் எட்டாம் மாதம் ஆகிவிடும். மருத்துவமனையில் படுத்தால் சிறு தொகையும் பார்க்க ஆளும் உண்டு. கல்யாணத்துக்கும் ஏதாவது செய்வார்கள். மார்ச் 6 சுதந்திர தின விருந்து, கோடைக்காலப் பூங்காக் கூட்டாஞ்சோறு எல்லாம் சந்தாவோடு சேர்த்தி, சில இடத்தில் தனி டிக்கெட்.

சுசு என்பது வேறு. அது நம் குலுக்கல் சீட்டு மாதிரி. பத்துப் பேர் மாதம் 200 போட்டால் முறை வைத்து ஒருவர் 2,000 எடுப்பார், வட்டி கிடையாது. சங்கத்தில் உள்ளவர்களே நடத்தினாலும் அது பெரும்பாலும் சங்கத்தின் பொறுப்பு இல்லை. யாராவது எடுத்துக்கொண்டு ஓடினால் சங்கம் கைவிரித்துவிடும். முதல் வருடம் சுசு வேண்டாம். ஆளைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

பணமும் முகமும்

நம் பக்கத்து மொய் தெரிந்தவருக்கு கானாச் சாவைப் புரியவைப்பது சுலபம். சனிக்கிழமை இரவு மண்டபம், கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம், இறந்தவர் ஒருவேளை குமாசியிலேயே அடக்கம் ஆகியிருப்பார். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, பணம் எண்ணுகிறவர் ஒருவர், நோட்டில் எழுதுகிறவர் ஒருவர். ரசீது கிழித்துத் தருவார்கள். மைக்கில், "இன்ன சங்கம், இன்னார், இவ்வளவு டாலர்" என்று சத்தமாக வாசிப்பார்கள். இந்தக் கொடைக்கு 'என்சாவா' என்று பெயர். இது சங்கச் சந்தாவுக்கு மேலே, உங்கள் கையிலிருந்து கொடுப்பது. இருபது டாலர் போதும்.

சந்தா கட்டினால் காசோலை வரும். ஆள் வருவது இந்த மேசையைப் பொறுத்தது. என்னிடம் கணக்குப் பார்க்கிற இரண்டு பேருக்கு ஒரே வருடத்தில் அப்பா இறந்தார். ஒருவர் சந்தாவை ஜனவரியிலேயே முழுதாகக் கட்டிவிடுவார், யார் சாவுக்கும் போகமாட்டார், வேலை அப்படி. சங்கப் பணம் விதிப்படி சரியாக வந்தது, மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். மற்றவர் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறவர், சந்தாவைத் தவணையில் கட்டுகிறவர். அவர் அப்பா சாவுக்கு விடிகாலை நாலு மணிக்கும் கார் நிறுத்த இடம் இல்லை. என்சாவா வரவு மட்டும் சங்கத் தொகையைப் போல மூன்று மடங்கு. ஊருக்குப் போய்வந்த டிக்கெட் செலவும் அதில் அடங்கிவிட்டது. எல்லாச் சாவுக்கும் போக யாராலும் முடியாது. மாதம் ஒரு சாவுக்குப் போங்கள், கறுப்புத் துணி ஒன்று தைத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கணக்கன் பேச்சு

சந்தா வரியில் கழியாது. அதற்குப் பதிலாக உங்களுக்குப் பலன் கிடைக்கிறது, ஆகவே அது நன்கொடை இல்லை. சாவுக்குத் தனி ஆளுக்குக் கொடுத்ததும் கழியாது. சங்கம் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனமாக இருந்து, ஊர் மருத்துவமனைக்குக் கட்டில் வாங்க என்று நீங்கள் கொடுத்தால், விவரமாகச் செலவு காட்டித் தாக்கல் செய்கிறவர் கழிக்கலாம். 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் சங்கத்தின் கடிதம் வேண்டும்.

குடியேற்றத் தாள்களைச் சங்கத்து 'விவரம் தெரிந்தவர்' நிரப்பித் தருவார் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். வழக்கறிஞரோ மத்திய நீதி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோதான் அந்த ஆலோசனை சொல்லலாம். கல்யாணம் உண்மையானது என்று தெரிந்த ஒருவராகச் சங்கத் தலைவர் சாட்சிக் கடிதம் கொடுப்பது வேறு, அதைத் தாராளமாக வாங்கலாம்.

வேறு ஊருக்கு வேலை மாறினால் சொல்லாமல் போகாதீர்கள். செயலாளருக்கு எழுதி, பாக்கி இல்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள். அந்த ஊரில் அதே சங்கத்தின் கிளை இருந்தால் சில சமயம் உங்கள் பழைய வருடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கிளை இல்லை, வேறு சங்கத்தில்தான் சேர வேண்டும் என்றால் அங்கே காத்திருப்புக் காலம் முடிகிற வரை இங்கேயும் சந்தா கட்டிக்கொண்டே இருங்கள். போன் வழியாகப் பணம் அனுப்பும்போது குறிப்பில் உங்கள் பெயரையும் எந்த மாதத்துக்கு என்பதையும் போடுங்கள். குவாமே என்று மட்டும் எழுதினால் பொருளாளரிடம் பதினாலு குவாமே இருப்பார்கள்.